ஹைகோர்ட் வளாகத்தடியில் புதைந்த பழைய சாவடி: இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பழைய சங்கிலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சர்வே துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிலம் அளக்கிற சங்கிலி பிடித்து ஆரம்பித்தேன், டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வந்த பிறகு வெளியே வந்தேன். சரித்திரம் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

சென்னையில் கம்பெனிக்காரன் வந்த புதிதில் ஊர்ச் சனங்களுக்கென்று இருந்த முதல் பொதுக் கட்டடம் சாவடி. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே கருப்பர் நகரத்தில் இருந்தது. வெள்ளையர் நகரத்தின் வடக்குச் சுவரில் இருந்த வாசலுக்கே சாவடி வாசல் என்றுதான் பெயர், அதைத் தாண்டிப் போனால் சாவடி என்பதால். அங்கேதான் வழக்கு நடந்தது, சுங்கம் வசூலித்தார்கள், வீடு நிலம் கைமாறினால் பதிந்தார்கள். அடிமைகளை வாங்கி விற்றதும் அங்கேயே பதிவானது. அந்தப் பட்டணத்தில் நெசவுக்காரரோ செட்டியாரோ படகுக்காரரோ கம்பெனியை நேருக்கு நேர் பார்த்த இடம் அதுதான்.

அந்தப் பட்டணமே இன்றைக்கு இல்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் திருப்பிக் கொடுப்பதற்குள் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மிச்சத்தை 1757-ல் ஆங்கிலேயரே இடித்தார்கள், எதிரி மறைந்து நின்று சுட இடம் இருக்கக் கூடாதென்று. அப்போதுதான் சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் போனது. அந்தச் சாமி இன்று பூக்கடை பக்கம் பட்டணம் கோயிலில் இருக்கிறார். இடித்த இடம் வெட்டவெளியாகக் கிடந்து, பிறகு அதன்மேல் 1892-ல் ஹைகோர்ட் திறந்தார்கள்.

இப்போது என் கேள்வி. கவர்னர் பிட் காலத்து வரைபடம் ஒன்று உண்டு, சுமார் 1710-ல் வரைந்தது. அதை இன்றைய டவுன் சர்வே வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கிறேன். நகராத புள்ளி வேண்டுமே. கோட்டைக்குள் புனித மேரி ஆலயம் 1680-லிருந்து அதே இடத்தில் நிற்கிறது. வடக்கே, பழைய லா காலேஜ் வளாகத்துக்குள் ஒரு கூர்நுனிக் கல்லறை இருக்கிறதல்லவா, ஹின்மர் என்பவரையும் கவர்னராக இருந்த எலிஹு யேலின் சின்னப் பையனையும் புதைத்த இடம், அது பழைய ஆங்கிலேயர் இடுகாட்டின் மிச்சம். மூன்றாவதாக, தலைமைச் செயலகக் கட்டடத்தின் உள்ளே அடங்கியிருக்கிற பழைய கவர்னர் மாளிகை.

இரண்டு புள்ளி வைத்தால் எந்த வரைபடமும் பொருந்தத்தான் செய்யும். மூன்றாவதுதான் சாட்சி. ஆனால் இந்த மூன்றும் ஏறக்குறைய தெற்கு வடக்காக ஒரே கோட்டில் விழுகின்றன. வடக்கே போகிற அளவை நம்பலாம். கிழக்கு மேற்கில் வரைந்தவர் நீட்டியிருக்கிறாரா, சுருக்கியிருக்கிறாரா என்று சோதிக்க எனக்குப் பிடிமானம் இல்லை. கடலோரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றால் துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து கரையே தள்ளிப் போய்விட்டது. 1802-ல் சர்வேயர் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோடு அளந்ததற்குப் பிந்தைய வரைபடம் என்றால் வேறு கதை. இது நூறு வருஷம் முந்தியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எஸ்பிளனேடு பக்கம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். கழுத்தளவு ஆழத்தில் தட்டையான சின்னச் செங்கல், வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புச் சாந்து, ஒரு வரிசையாகப் போனது. நான் நின்று பார்த்தேன். கையில் டேப் இருந்தது, நோட்டு இருந்தது. அளக்கவில்லை. சாயங்காலம் வரும்போது லாரியில் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் அந்த வரிசை எந்தத் திசையில் போனது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை.

கோட்டைக்குள் அவர்கள் கட்டியதற்கெல்லாம் பலகை இருக்கிறது. நம் சனங்கள் படியேறி இறங்கிய முதல் கட்டடத்துக்கு ஒரு அடையாளக் கல் கூட இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: இந்த மண்ணுக்குள் ஏதாவது மிஞ்சியிருக்குமா? எப்படித் தேடுவது?

குழிமண் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் தொல்லியல் படித்துவிட்டுக் கடற்கரையோர அகழாய்வுகளில் குழி மேற்பார்வை பார்த்தவள். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தச் செங்கல் வரிசையைப் பற்றித்தான் முதலில் எழுதத் தோன்றியது. அது சாவடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பட்டணத்தில் எத்தனையோ வீடு. ஆனாலும் கழுத்தளவு என்று ஆழம் உங்களுக்கு நினைவிருக்கிறதே, அது பெரிய தகவல். சாலை மட்டத்திலிருந்து சுமார் ஐந்தடி கீழே பழைய கட்டுமானம் கலையாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதி வைத்துவிடுங்கள், தேதி உத்தேசமாக இருந்தாலும் பரவாயில்லை.

மிஞ்சியிருக்குமா என்றால், சுவர் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1757-ல் இடித்தபோது நல்ல செங்கலை யாரும் மண்ணில் விட்டுப் போயிருக்க மாட்டார்கள். கோட்டை வேலைக்கோ புதுப் பட்டணத்து வீட்டுக்கோ போயிருக்கும். அஸ்திவாரம் வரை பெயர்த்திருப்பார்கள். ஆனால் பெயர்த்த பள்ளம் அப்படியே இருக்கும். சுவர் இருந்த அகலத்துக்கு, அதே கோட்டில், உடைந்த செங்கலும் சாந்துத் தூளும் கலந்த தளர்வான மண் நிரம்பியிருக்கும். சுவரே இல்லாமல் சுவரின் வரைபடம் கிடைக்கும். குழியில் நின்று கரண்டியால் சுரண்டும்போது சத்தமே மாறும், கையில் தெரியும்.

அதைவிட முக்கியம் கிணறு. கிணற்றை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அந்த மணற்பாங்கான ஊரில் உறைகிணறோ செங்கல் கிணறோ தெருவுக்கு ஒன்றாவது இருந்திருக்கும். ஊரை இடிக்கும்போது முதலில் குப்பை விழுவது அதற்குள்தான். அதனால் உள்ளே கிடப்பது இடித்த நாளின் முத்திரை மாதிரி. சீன நீலக் கோலப் பீங்கான், சாராயப் புட்டிக் கண்ணாடி, வெள்ளைக் களிமண் புகைக்குழாய் எல்லாம் வரும். அந்தப் புகைக்குழாய்த் தண்டின் துளை 17-ஆம் நூற்றாண்டில் பெரிதாக இருந்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது. நிறையத் துண்டு கிடைத்தால் துளையை அளந்தே உத்தேசக் காலம் சொல்லலாம். 1954-ல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் காட்டிய வழி அது.

சரி, கிடைத்த கட்டடம் சாவடியா, ஒரு செட்டியார் வீடா என்று எப்படிச் சொல்வது? நான் தோண்டினால் இல்லாததைத்தான் முதலில் தேடுவேன். வீடு என்றால் அடுப்புக் கரி, மீன் முள், உடைந்த சட்டி கொட்டிக் கிடக்கும். வழக்கும் சுங்கமும் நடந்த கூடத்தில் அது குறைவாக இருக்க வேண்டும். பதிலுக்குத் துணி மூட்டையில் அடிக்கிற ஈய முத்திரை, எடைக்கல், கை தவறி விழுந்த சின்னக் காசு. சுங்கம் வாங்கிய இடத்தில் காசு விழாமல் இருக்காது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று, நம் நிலைமைக்குப் பொருந்துகிற அளவுக்கு மட்டும். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் 1619-ல் முதல் சட்டசபை ஒரு மர ஆலயத்தில் கூடியது. அந்த ஆலயம் 1617-ல் கட்டியது, 50 அடிக்கு 20 அடி. பின்னால் அதே இடத்தில் செங்கல் ஆலயம் வந்தது, அதன்மேல் 1907-ல் நினைவு ஆலயம் வந்தது. ஒன்றின் மேல் ஒன்று. அப்படி இருந்தும் தரைக்கடியில் கூழாங்கல் அஸ்திவாரம் கிடைத்தது. மேலே கட்டடம் வந்துவிட்டாலே கீழே ஒன்றும் இருக்காது என்று முடிவு கட்ட வேண்டாம். மேரிலாந்தின் செயின்ட் மேரிஸ் சிட்டியில் நேர்மாறு. 1695-ல் தலைநகரம் அன்னபோலிஸுக்கு மாறியது, ஊர் வயலாகிவிட்டது, செங்கல் ஆலயத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் சிலுவை வடிவ அஸ்திவாரம் மண்ணுக்குள் முழுசாக இருந்தது. அங்கே வயல், இங்கே நீதிமன்றம், அதுதான் நமக்குக் கஷ்டம். ஹைகோர்ட் அஸ்திவாரம் விழுந்த இடமெல்லாம் போனதுதான். திறந்தவெளியும் மரத்தடியும் வண்டி நிறுத்துகிற இடமும்தான் நம் நம்பிக்கை.

தோண்டாமல் பார்க்க ரேடார் கருவி இருக்கிறது, தள்ளுவண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போவது. மணலில் நன்றாகப் பார்க்கும். உப்புத் தண்ணீரும் களிமண்ணும் வந்தால் அலையை விழுங்கிவிடும். அதனால் கத்திரி வெயிலில் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது ஓட்ட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, பிறகு "அங்கே ஒன்றும் இல்லை" என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு தவறான அறிக்கை வந்துவிட்டால் அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம்.

ஏட்டுப்புழு எழுதியது:

ஐயாவுக்கும் குழிமண் அவர்களுக்கும் நன்றி. நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல வருஷமாகக் கம்பெனிப் பதிவேடுகளைப் படிக்கிறவன். இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

முதலில், சாவடி என்பது ஒரு கட்டடத்தின் பெயர் மட்டும் இல்லை, ஒரு வேலையின் பெயரும்கூட. ஆரம்பத்தில் ஊர் அதிகாரி அங்கே உட்கார்ந்து வழக்குக் கேட்டார். 1678-ல் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது ஏற்பாட்டை மாற்றி, கம்பெனி உத்தியோகஸ்தர்களையே நீதிபதிகளாக அமர்த்தினார். 50 வராகன் (அந்தக் காலத்துப் பொன் நாணயம்) வரையிலான சின்ன வழக்குகள் அவர்களுக்கு, பெரியவை கவர்னரும் சபையும் கேட்டார்கள். 1688-ல் மாநகராட்சியும் மேயர் நீதிமன்றமும் வந்தன. ஆக நூறு வருஷத்துக்கு மேல் நீள்கிற கதை. அத்தனை காலமும் ஒரே கட்டடம் ஒரே இடத்தில் நின்றது என்று எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பிக்காதீர்கள். கூரை விழுந்து, சுவர் உயர்ந்து, பக்கத்து மனைக்குத் தள்ளிப்போன சாவடிகள் எந்த ஊரிலும் உண்டு. 1710 வரைபடத்தில் நீங்கள் தேடுவது 1710-ன் சாவடியை மட்டும்தான்.

அடுத்தது, ஹென்றி டேவிசன் லவ் 1913-ல் வெளியிட்ட பழைய சென்னைத் தொகுதிகளைப் பலரும் முடிவான வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள். அபாரமான உழைப்பு, எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை. ஆனால் அவர் படித்தது காகிதத்தை, மண்ணை இல்லை. அவர் எங்கெல்லாம் இடம் சொல்கிறாரோ அங்கெல்லாம் எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார் என்று பின்னால் போய்ப் பாருங்கள். கம்பெனியின் ஆலோசனைப் பதிவேடுகளில் நீங்கள் தேட வேண்டியது வழக்குகளை அல்ல. செலவுக் கணக்கை. பழுது பார்த்தது, சுண்ணாம்பு வாங்கியது, ஓடு மாற்றியது, காவல் போட்டது. வழக்கு எழுதுகிறவர் இடம் சொல்ல மாட்டார், எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிடுவார். கொத்தனார் கணக்கு எழுதுகிறவர் எந்தச் சுவர், எதை ஒட்டி என்று எழுதினால்தான் பணம் கிடைக்கும்.

கிழக்கு மேற்குப் பிடிமானம் பற்றி ஒரு யோசனை. பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு எல்லைத் தூண் நிற்கிறதே, 1773 ஜனவரி 1 என்று பொறித்தது, வெட்டவெளிக்குள் இனி யாரும் கட்டக் கூடாது என்று நட்ட தூண்களில் மிஞ்சிய ஒரே ஒன்று. பிட் வரைபடத்தில் அது இருக்காது. ஆனால் அதற்குப் பிந்தைய வரைபடங்களில் தூண் வரிசையும் கோட்டையும் இடுகாடும் சேர்ந்து வரும். நேரே 1710-லிருந்து இன்றைக்குத் தாவாமல், நடுவில் ஒரு வரைபடத்தைப் படிக்கட்டாக வையுங்கள். தூண் உங்கள் கோட்டுக்கு வெளியே நிற்கிற புள்ளி.

கறுப்புக்கோட்டு எழுதியது:

சார், அந்த வளாகத்துக்குள் தினமும் நடக்கிற வக்கீல் நான். சட்டப்பக்கம் மட்டும் சொல்கிறேன்.

யாரும் ஆர்வத்தில் ஒரு கடப்பாரை கூட ஊன்றிவிட வேண்டாம். 1958-ஆம் வருஷத்துப் பழஞ்சின்னங்கள் சட்டப்படி, மாநிலத் தொல்லியல் துறையே மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அகழாய்வு செய்ய முடியாது. கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம். 2010 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. வேலை எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டுதான் விண்ணப்பம் எழுத வேண்டும். வேறு வேலைக்குத் தோண்டும்போது தற்செயலாகப் பழம்பொருள் கிடைத்தாலும் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

தோண்டாமல் மண்ணைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெட்ரோ ரயில் ஹைகோர்ட் நிலையத்துக்காகப் பூமிக்குள் இறங்கியிருக்கிறார்கள், 2019-லிருந்து ரயில் ஓடுகிறது. சுரங்கம் போடுமுன் துளை போட்டு மண் சோதனை செய்யாமல் யாரும் இறங்குவதில்லை. எத்தனை அடிக்கு நிரப்பு மண், எங்கே செங்கல் ஜல்லி, எங்கே இயற்கை மணல் என்று அந்தத் துளைக் குறிப்பில் அடி அடியாக இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன்.

எனக்குத் தனிப்பட ஒரு எண்ணம். 1862-ல் ஹைகோர்ட் வந்ததிலிருந்துதான் இந்த ஊரில் நீதியின் சரித்திரத்தைப் பேசுகிறோம். அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னால் ஐம்பது வராகன் கடனுக்காக ஒருவர் இதே மண்ணில் கைகட்டி நின்றிருக்கிறார் என்பதை இன்று வரை நினைத்துப் பார்த்ததில்லை. நாளைக் காலை கோர்ட்டுக்குள் நுழையும்போது நினைப்பேன்.

பழைய சங்கிலி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

ஏட்டுப்புழு சொன்னபடி தூணை வைத்து நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். படிக்கட்டு யோசனை சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு படிக்கு ஒரு பிழை சேரும். இரண்டு தாவலுக்கும் சேர்த்து எனக்குக் கிடைப்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு நீள்வட்டம். தெற்கு வடக்காகக் குறுகலாகவும் கிழக்கு மேற்காக அகலமாகவும் படுத்திருக்கிறது. அதன் ஒரு பகுதி கட்டடத்துக்கு அடியில் போய்விடுகிறது, மீதி திறந்தவெளி. அந்த மீதிக்குள்தான் ரேடார் ஓட்டச் சொல்ல வேண்டும். இடம் தெரியும் என்று எழுதினால் பொய், இந்த வட்டத்துக்குள் என்று எழுதினால் உண்மை. விண்ணப்பத்தில் அப்படியே எழுதப் போகிறேன்.

குழிமண் அம்மா, கிணறு பற்றி நீங்கள் சொன்னது என் மனதில் வேறு ஒன்றைக் கிளப்பிவிட்டது. பழைய டவுன் சர்வே பதிவுகளில் கிணறுகளைச் சின்ன வட்டமாகக் குறிப்போம். தூர்ந்த கிணற்றையும் குறித்ததுண்டு. வளாகத்துக்குள் அப்படிக் குறித்த வட்டங்கள் பழைய கிணறுகளின் வாரிசாக இருக்கலாமா? ஒரே இடத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தால் அங்கேயே மறுபடி தோண்டுவார்கள் அல்லவா?

குழிமண் எழுதியது:

இருக்கலாம் ஐயா, உறுதியாகச் சொல்ல முடியாது. நிச்சயம் குறித்து வையுங்கள். ஒரே ஒரு வட்டம் என்றால் அதற்கு அர்த்தமில்லை. ஆனால் நாலைந்து வட்டம் ஒரே கோட்டில் வரிசையாக விழுந்து, அந்தக் கோடு இன்றைய கட்டடங்களுக்கு இசையாமல் பிட் வரைபடத்துத் தெருவுக்கு இசைந்தால், அது தெருக்கோடு. உங்களுக்குக் கிழக்கு மேற்குச் சாட்சி அதிலேயே கிடைத்துவிடும். ஒரு வேண்டுகோள்: வரைபடத்தைப் பார்த்துவிட்டு வட்டங்களைத் தேடாதீர்கள். முதலில் வட்டங்களை மட்டும் தனித்தாளில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மேலே வையுங்கள். நம் கண் நமக்கு வேண்டியதைப் பொருத்திவிடும்.

பழைய சங்கிலி எழுதியது:

அப்படியே செய்கிறேன். டிரேசிங் தாள் இன்னும் வீட்டில் ஒரு சுருள் இருக்கிறது. ஏட்டுப்புழு ஐயா, திங்கட்கிழமை எழும்பூர் வரலாமா? நடு வரைபடமும் பழுதுபார்ப்புக் கணக்கும் உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏட்டுப்புழு எழுதியது:

தாராளமாக வாருங்கள், பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன். பென்சில் கொண்டுவாருங்கள். அந்த ஏடுகளுக்குப் பக்கத்தில் பேனாவைத் திறக்க நான் விடமாட்டேன்.